மையத்தில் உட்கார்ந்த பன்றிக்குட்டி

புங்கங்குளக் கரையில் ஒரு காட்டுப் பள்ளிக்கூடம் இருந்தது. பன்றிக்குட்டி, மான்குட்டி, முயல்குட்டி, ஆமைக்குஞ்சு என்று பல குட்டிகள் அங்கே படித்தன. டீச்சர் ஒரு நாரை. பெயர் செங்காலம்மா. இருபத்தெட்டு வருட சர்வீஸ். அந்த இருபத்தெட்டு வருடத்தில் அவள் ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை. பாடத்தில் ஒரு வரிகூட மாற்றியதும் இல்லை. இரண்டையும் ஒரே பெருமையோடு சொல்லிக்கொள்வாள்.

பாடம் ஒன்றே ஒன்றுதான். சேற்றில் புதையாமல் நடந்துபோய்த் தண்ணீர் குடிப்பது எப்படி?

ஒரே ஒரு பாடத்துக்கு ஒரு பள்ளிக்கூடமா என்று சிரிக்க வேண்டாம். பங்குனி முடியும்போது புங்கங்குளம் சுருங்கி நடுவில் ஒரு வட்டில் அளவுக்கு வந்துவிடும். சுற்றிலும் சேறு. மேலே பார்த்தால் காய்ந்த தரை மாதிரி இருக்கும், கால் வைத்தால் உள்ளே இழுக்கும். மிஞ்சிய தண்ணீர் குட்டிகளுக்கு மட்டும்தான் போதும். அதனால் சித்திரை பிறந்ததும் பெரியவர்கள் எல்லோரும் இரண்டு பகல் நடையில் இருக்கும் ஆற்றுக்குப் போய்விடுவார்கள். ஆமைகள் மட்டும் மாசியிலேயே கிளம்பிவிடும். குட்டிகளுக்கு அவ்வளவு தூரம் நடக்கக் காலில் பலம் இருக்காது. மழை விழுந்து தாய்மார் திரும்பும்வரை அவை டீச்சர் பொறுப்பில் கரையிலேயே இருந்து, அந்தச் சேற்றைத் தாண்டித்தான் குடித்தாக வேண்டும்.

ஆகவே செங்காலம்மா வருடம் முழுவதும் பாடம் நடத்தினாள். சேற்றில் அல்ல. சேற்றில் நடத்தினால் வகுப்பு அசிங்கமாகிவிடும் அல்லவா? குளத்துக்குச் சற்றுத் தள்ளி, நாணல் புதருக்குப் பின்னால் இருந்த வட்டமான மைதானத்தில், காய்ந்த தரையில், சுற்றி நின்ற மருத மரங்களின் நிழலில் நடத்தினாள். அவள் சொல்வாள், குட்டிகள் திருப்பிச் சொல்லும்.

"நெட்டைக் காலை நீட்டி வை;
நீண்ட கழுத்தை முன்னே வை;
ஒற்றைக் காலில் நின்று பார்;
உதறிச் சிறகை விரித்துச் செல்."

கழுத்து என்று ஒன்று இருக்கிறதா என்றே தெரியாத பன்றிக்குட்டி கும்பனும் இதைச் சொன்னான். தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு ஆமைக்குஞ்சு ஓடப்பனும் சொன்னான். யாருக்கும் சிறகு இல்லை. அதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை. பாடம் என்றால் கேள்வி கேட்காமல் சொல்ல வேண்டியது என்று குட்டிகளுக்குத் தெரிந்திருந்தது. நல்ல பள்ளிக்கூடம்.

போன வருடம் தாழம்பூ என்ற மான்குட்டி இந்த நான்கு வரியையும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னது. செங்காலம்மா அதற்கு நூற்றுக்கு நூறு போட்டாள். சித்திரை நான்காம் நாள் அது சேற்றில் இறங்கியது. காதுகள் மட்டும் கொஞ்ச நேரம் வெளியே தெரிந்தன. பிறகு அவையும் தெரியவில்லை. மற்றக் குட்டிகள் எப்படியோ தத்தித் தடுமாறிக் குடித்துப் பிழைத்தன; எப்படி என்று அவள் கேட்கவில்லை. பதிவேட்டில் செங்காலம்மா எழுதினாள்: "பாடம் நன்கு நடத்தப்பட்டது. மாணவியின் கவனக்குறைவு."

எழுதிவிட்டாளே ஒழிய, அதற்கப்புறம் அவளுக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. இந்த வருடம் தாழம்பூவின் தங்கை மரிக்கொழுந்து முதல் வரிசையில் உட்கார்ந்து அதே நான்கு வரியைச் சொல்லும்போதெல்லாம் அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் கானகக் கல்விக் கழகத்திலிருந்து ஓலை வந்தது. "இனி எல்லாப் பள்ளிகளிலும் மாணவர் மையக் கற்பித்தல் முறையே பின்பற்றப்பட வேண்டும். ஆசிரியர்கள் அனைவரும் இரண்டு நாள் பயிற்சியில் தவறாது கலந்துகொள்க."

செங்காலம்மா பறந்து போனாள். நாற்பது ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். மரங்கொத்தி, வௌவால், உடும்பு, கீரி என்று எல்லோரும் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த பாறை மேல் ஏறி நின்றது ஒரு மயில். பெயர் தோகையப்பர். தலைமைப் பயிற்றுநர்.

"ஆசிரியர் அதிகம் பேசக் கூடாது" என்று தோகையப்பர் தொடங்கினார். ஏன் பேசக் கூடாது என்பதை மத்தியானம்வரை பேசினார்.

வரிசையில் உட்காரவைப்பது எவ்வளவு கொடுமை என்று வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு விளக்கினார். மாணவனின் ஆர்வத்தைக் கண்ணைப் பார்த்தே அறிய வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். பகலில் விழிக்க முடியாத வௌவால் டீச்சர் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நன்றாகத் தூங்கினாள். அவளைப் பார்த்து, "எவ்வளவு ஆழ்ந்து கவனிக்கிறார் பாருங்கள்" என்று பாராட்டும் நடந்தது.

மரங்கொத்தி மட்டும் ஒரு சந்தேகம் கேட்டது. "ஐயா, என் வகுப்புல அணில்குட்டியும் இருக்கு, உடும்புக்குட்டியும் இருக்கு. ரெண்டும் ஒரே மாதிரி மரம் ஏறாது. அதுக்கு என்ன செய்யறது?"

"அருமையான கேள்வி. அதை ஓர் இலையில் எழுதி அந்தப் பொந்தில் போடுங்கள்" என்றார் தோகையப்பர். பொந்து நிறைய இலை இருந்தது. பழைய இலைகள், கரையான் அரித்தவை.

பிறகு எல்லோரும் எழுந்து நின்று சிறகு தட்டி, வால் ஆட்டி ஒரு பாட்டுப் பாடினார்கள். மா, பலா, வாழை என்று பெயர் வைத்துக் குழு பிரித்தார்கள். பழத்தின் பெயரைக் கேட்டதும் வௌவால் டீச்சர் விழித்துக்கொண்டாள். பழம் இல்லை, பெயர்தான் என்று தெரிந்ததும் மறுபடி தூங்கிவிட்டாள். இரண்டாம் நாள் மாலை, பயிற்சி எப்படி இருந்தது என்று அவரவர் சொந்தக் கருத்தை எழுதச் சொன்னார்கள். "பயிற்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்பதுதான் அந்தச் சொந்தக் கருத்து என்று தோகையப்பரே சொல்லிக்கொடுத்தார்.

கடைசியாக, "பங்குனி கடைசி நாள் புங்கங்குளப் பள்ளியில் மாதிரி வகுப்பு பார்க்க வருவேன்" என்றார்.

இருபத்தெட்டு வருட சர்வீஸில் செங்காலம்மாவின் பதிவேட்டில் குறை என்று சிவப்புக் கோடு ஒன்றுகூட விழவில்லை. இப்போது விழுந்தால் என்ன ஆவது? வரும் வழியெல்லாம் அவள் யோசித்தது அதைத்தான். சேற்றைப் பற்றி யோசிக்கவில்லை.

மறுநாள் காலை அவள் மைதானத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு அடி எண்ணி நடந்தாள். குறுக்கேயும் நடந்தாள். இரண்டு கோடும் சந்தித்த இடத்தில் ஒரு கல்லை வைத்தாள்.

"கும்பா, இங்க வந்து உக்காரு."

கும்பன் வந்து உட்கார்ந்தான். மற்றக் குட்டிகளை அவனைச் சுற்றி வட்டமாக, மர நிழலில் உட்கார வைத்தாள்.

"இப்ப நான் என்ன செய்யணும் டீச்சர்?" என்று கேட்டான் கும்பன்.

"இப்ப நீதான் மையம்."

"மையம் என்ன செய்யும்?"

"மையமா இருக்கும்."

முயல்குட்டி வெடுக்கிக்குப் பொறுக்கவில்லை. "அவன் மட்டும் ஏன் மையம்? நானும் மையமா இருக்கணும்."

"நீ நாளைக்கு மையம். இன்னைக்கு ஓரம்" என்று செங்காலம்மா முறை வைத்தாள். ஆனால் வெடுக்கி மையத்தில் உட்கார்ந்தால் ஒரு நிமிடத்தில் வேறு எங்காவது இருப்பாள். ஓடப்பன் மையத்துக்கு வந்து சேர்வதற்குள் பள்ளி விட்டுவிடும். மரிக்கொழுந்து எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அழுதாள். வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தவன் கும்பன் ஒருவன்தான். ஆகவே நிரந்தர மையமாக அவனே அமைந்தான்.

அதற்கப்புறம் ஓலையில் இருந்த மற்றதெல்லாம் வந்தது. பாடத்தை விளையாட்டாக்க வேண்டும் என்று இருந்தது. அதே நான்கு வரிக்குச் செங்காலம்மா மெட்டுப் போட்டு ஆட்டம் சேர்த்தாள். "ஒற்றைக் காலில் நின்று பார்" என்ற இடத்தில் எல்லோரும் ஒற்றைக் காலில் நின்றார்கள். ஓடப்பன் கவிழ்ந்தான். அவனை நிமிர்த்துவதும் விளையாட்டில் சேர்ந்தது.

குழுவாகச் செய்ய வேண்டும் என்று இருந்தது. குழு பிரித்தாள். வேலையெல்லாம் வெடுக்கி செய்தாள், மற்றவர்கள் பெயர் கொடுத்தார்கள்.

வகுப்பில் நான்கு கற்றல் மூலைகள் அமைக்க வேண்டும் என்று இருந்தது. மைதானமோ வட்டம். வட்டத்துக்கு மூலை ஏது? செங்காலம்மா ஒரு நாள் முழுக்கத் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. கடைசியில் நான்கு இடத்தில் கல் நட்டு, "இதெல்லாம் மூலைன்னு வச்சுக்கோங்க" என்றாள். குட்டிகளும் வைத்துக்கொண்டன.

மாணவர் தாமே கண்டறிய வேண்டும் என்று இருந்தது. "போய்க் கண்டறிஞ்சுட்டு வாங்க" என்று அனுப்பினாள். சாயங்காலம் திரும்பின. களாச்செடி ஒன்றைக் கண்டறிந்திருந்தன. எல்லோர் வாயும் ஊதாவாக இருந்தது.

மிகக் கஷ்டமானது பேசாமல் இருப்பதுதான். ஆசிரியர் பேச்சு பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று ஓலை சொன்னது. இருபத்தெட்டு வருடமாகப் பேசிய அலகு சும்மா இருக்குமா? செங்காலம்மா ஒரு சீந்தில் கொடியை எடுத்து அலகைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். அதன்பின் வகுப்பு அமைதியாக நடந்தது. நடந்தது என்றால், எல்லோரும் கும்பனைப் பார்த்தார்கள், கும்பன் எல்லோரையும் பார்த்தான்.

இத்தனை கூத்தும் காய்ந்த தரையில்தான். நாணலுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் நாளுக்கு நாள் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அதுவரை கரையில் நின்றே குடித்துப் பழகிய குட்டிகளுக்கு முன்னால் ஒரு முழம் சேறு வந்தது, பிறகு நான்கு முழம், பிறகு இருபது. இப்போதைக்குப் பெரியவர்களும் குட்டிகளும் ஓடைக் குழியில் தேங்கிய கலங்கலைக் குடித்துச் சமாளித்தார்கள்; அதுவும் வற்றிக்கொண்டு வந்தது. கும்பனின் அம்மா ஒரு நாள் வந்து கேட்டாள்.

"டீச்சரம்மா, ரெண்டு நாள்ல நாங்க கிளம்பணும். பிள்ளை சேத்துல நடப்பானா?"

செங்காலம்மா அலகிலிருந்த கொடியைத் தளர்த்திக்கொண்டு, "நல்லா ஆடுறான்" என்றாள். அம்மா பன்றி சந்தேகத்தோடு திரும்பிப் போனாள்.

பங்குனி கடைசி நாள் தோகையப்பர் வந்தார். உச்சி வெயில். தாய்மார் எல்லோரும் மைதான ஓரத்தில் நின்றார்கள். தோகையப்பர் கையோடு ஓர் ஓலை கொண்டுவந்திருந்தார். அதில் பத்துக் கட்டங்கள்.

"வட்டமாக அமர்ந்திருக்கிறார்கள். ஆகா!" ஒரு கட்டத்தில் அலகால் ஒரு குத்து.

"மையத்தில் மாணவர்." இன்னொரு குத்து.

"மூலைகள் நான்கும் இருக்கின்றன. மூலை வட்டமாக இருப்பது புதுமை." இரண்டு குத்து.

"ஆசிரியர் வாயே திறக்கவில்லை. இருபத்தெட்டு வருட சர்வீஸ் என்றால் சும்மாவா?" மேலும் இரண்டு குத்து.

செங்காலம்மா கொடி கட்டிய அலகோடு தலையைத் தாழ்த்தினாள். மனசுக்குள் குளிர்ந்துதான் போனது. அதை மறைக்க என்ன இருக்கிறது?

ஆனால் மைதானத்தில் நிழல் இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான். அது மையம். கும்பன் காலையிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருந்தான். நாக்கு வெளியே வந்துவிட்டது.

"டீச்சர், தண்ணி" என்றான்.

"கேள்வி எழுப்பும் மாணவன்!" தோகையப்பர் இன்னொரு கட்டத்தைக் குத்தினார். "பதிலை நாம் சொல்லக் கூடாது. தம்பி, தண்ணீர் எங்கே இருக்கும் என்று நீ நினைக்கிறாய்?"

"குளத்துல சார்."

"அற்புதம். எப்படிப் போவாய் என்று நினைக்கிறாய்?"

"நடந்து சார்."

"போ. போய் நீயே கண்டறிந்து வா."

கும்பன் எழுந்து நாணலுக்குள் நுழைந்தான். செங்காலம்மா ஓர் அடி எடுத்து வைத்தாள். ஓலையில் இன்னும் மூன்று கட்டம் மிச்சம் இருந்தது. தடுத்தால் சிவப்புக் கோடு விழும். எடுத்த அடியைத் திரும்ப வைத்துக்கொண்டாள். அவள் செய்ததிலேயே கேவலமான காரியம் அதுதான். அது அவளுக்கே அந்த நிமிடம் தெரியும்.

தோகையப்பர் கண்டறிந்து கற்றலின் மேன்மை பற்றிப் பேச ஆரம்பித்தார். மூன்றாவது வாக்கியம் முடிவதற்குள் நாணலுக்கு அப்பால் ஒரு வீறிடல் கேட்டது.

எல்லோரும் ஓடினார்கள். கும்பன் கரையிலிருந்து பத்து முழத்தில் இருந்தான். பாடத்தை அப்படியே செய்திருந்தான், பாவம். காலை நீட்டி வைத்தான். இல்லாத கழுத்தை முன்னே வைக்கப் பார்த்து முகம் குப்புறச் சாய்ந்தான். எழுந்து ஒற்றைக் காலில் நின்று பார்த்தான். மொத்தப் பாரமும் அந்த ஒரு குளம்பில் இறங்க, கம்பு குத்தினாற்போல் உள்ளே போய்விட்டான். இப்போது முதுகும் தலையும் மட்டும் வெளியே இருந்தன.

அம்மா பன்றி பாய்ந்து இறங்கப் போனாள். செங்காலம்மா சிறகை விரித்துக் குறுக்கே நின்றாள். காலால் கொடியைப் பிய்த்து எறிந்தாள்.

"நீங்க இறங்காதீங்க தாயே. உங்க பாரத்துக்கு நீங்களும் முங்கி அவனையும் அமுக்கிருவீங்க."

"அப்ப என் பிள்ளைய எடு" என்றாள் அம்மா பன்றி.

தோகையப்பர் கரையில் நின்று தோகையைச் சேற்றில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "தலையிடாதீர்கள். மாணவன் கற்றுக்கொண்டிருக்கிறான்."

யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. செங்காலம்மா வாய் திறந்தாள். இருபத்தெட்டு வருடமாக வந்ததுதான் வந்தது.

"கழுத்தை நீட்டுடா கும்பா! சிறகை விரி!"

"சிறகு எங்க டீச்சர் இருக்கு?" என்று அழுதான் கும்பன். அழுத அசைவில் இன்னும் ஒரு விரற்கடை உள்ளே போனான்.

செங்காலம்மா அப்படியே நின்றுவிட்டாள். போன வருடமும் இதே இடத்தில் நின்று இதையேதான் கத்தினாள். தாழம்பூவும் சிறகைத் தேடித்தான் உதறியிருக்க வேண்டும். உதறி உதறித்தான் முங்கியிருக்க வேண்டும்.

அவள் சேற்றில் இறங்கினாள். மெதுவாக நடந்து கும்பன் பக்கத்தில் போய் நின்றாள். தன் காலைக் குனிந்து பார்த்தாள். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. விரல்கள் நான்கு பக்கமும் அகலமாக விரிந்து சேற்றின் மேல் உட்கார்ந்திருந்தன. கழுத்தும் இல்லை, சிறகும் இல்லை. அவளைத் தாங்கியது அந்த அகலம். பாட்டில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"கும்பா, அழாதே கண்ணு. உன் கால் எப்படி இருக்கு, சொல்லு."

"கூரா இருக்கு டீச்சர். உள்ளதான் போகுது."

"உன் உடம்புல எது அகலம்?"

கும்பன் மூக்கை உறிஞ்சினான். "வயிறு."

"வயித்த வச்சு எப்பவாவது சேத்துல இருந்திருக்கியா?"

"தினமும்தான். அம்மாகூட ஓடைச் சேத்துல படுத்துப் புரளுவேன். அப்ப முங்கவே மாட்டேன்."

செங்காலம்மா அவனையே பார்த்தாள். "இதை ஏன்டா இத்தனை நாள் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கல டீச்சர்" என்றான் கும்பன்.

செங்காலம்மாவுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. அதைத் துடைக்க அப்போது நேரம் இல்லை.

"அப்ப படு. இது பாடம் இல்ல, ஓடைச் சேறு. நீ எப்படிப் படுப்பியோ அப்படியே படு."

கும்பன் உதறுவதை நிறுத்தினான். பக்கவாட்டில் மெல்லச் சாய்ந்தான். வயிற்றைச் சேற்றில் பரப்பினான். ஒரு முன்னங்கால் சளக்கென்று வெளியே வந்தது. அவசரப்படாமல் மற்றதை இழுத்தான். பின்னங்கால்கள் வர வெகுநேரம் ஆயிற்று. செங்காலம்மா பக்கத்திலேயே நின்று, "வருது, வருது, மெதுவா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசிக் காலும் வந்ததும் ஒரு புரளல் புரண்டான். புதையவில்லை. இன்னொரு புரளல்.

"கரைக்கு வாடா!" என்று அம்மா பன்றி கத்தினாள்.

கும்பன் கரைக்கு வரவில்லை. எதிர்ப்பக்கம் புரண்டு போய்த் தண்ணீரில் வாய் வைத்து, வயிறு முட்டக் குடித்தான். குடிக்கத்தானே போனான்? அதன் பிறகுதான் திரும்பிப் புரண்டு வந்தான். அம்மா பன்றி அவனை முகர்ந்து முகர்ந்து பார்த்து, முதுகில் ஒரு அறையும் வைத்தாள்.

"பார்த்தீர்களா? கண்டறிந்து கற்றல்!" தோகையப்பர் மிச்சமிருந்த கட்டங்களைக் குத்தி முடித்தார்.

செங்காலம்மா சேற்றுக் காலோடு அவர் முன்னால் வந்து நின்றாள். "ஐயா, ஒரு சின்ன விண்ணப்பம். நாளைக்கு இந்தப் பிள்ளைங்க எல்லாம் இதுல இறங்கணும். நீங்க ஒரு தடவை நடந்து காட்டினா நல்லா இருக்கும்."

தோகையப்பர் சேற்றைப் பார்த்தார். தோகையைப் பார்த்தார். "நான் பயிற்சி தருபவன் அம்மா. பயிற்சி எடுப்பவன் அல்ல" என்றார்.

"சார், உங்க கால் அகலமா, கூரா? காட்டுங்க பாப்போம்" என்று வெடுக்கி குனிந்தாள்.

தோகை மாதிரி அழகில்லாத தன் காலைக் காட்டுவது மயிலுக்கு ஆகாது. தோகையைச் சட்டென்று தொங்கவிட்டுக்கொண்டு, வேறு பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

தாய்மார் தங்கள் பயணத்தை மூன்று நாள் தள்ளிவைத்தார்கள். மறுநாள் காலை வகுப்பு சேற்று ஓரத்தில் நடந்தது. வட்டமும் இல்லை, மூலையும் இல்லை. ஒவ்வொரு குட்டியின் இடுப்பிலும் ஒரு கொடி, கொடியின் மறுமுனை அதன் அம்மா வாயில். ஓடப்பனின் அம்மா மாசியிலேயே போய்விட்டதால் அவன் கொடி மட்டும் செங்காலம்மாவிடம். ஓடப்பன் அடி ஓட்டால் வழுக்கிக்கொண்டு போனான். காட்டிலேயே மெதுவானவன் என்று பெயர் வாங்கியவன் அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் தண்ணீரைத் தொட்டான். வெடுக்கி நீளமான பின்பாதத்தைப் பரப்பித் தாவினாள். ஒரு இடத்தில் நின்றால்தானே முங்குவாள்? நிற்கிற வழக்கமே அவளுக்கு இல்லை.

மரிக்கொழுந்து மட்டும் கரையிலேயே நின்று நடுங்கினாள்.

"என் கால் நாலும் குச்சி டீச்சர். எங்கிட்ட அகலமா எதுவுமே இல்ல. எங்க அக்காகிட்டயும் இல்ல." கொஞ்சம் தயங்கிக் கேட்டாள். "எங்க அக்கா பாட்டைத் தப்பாச் சொன்னாளா?"

செங்காலம்மா அவள் முன்னால் குனிந்தாள். "உங்க அக்கா சரியாத்தான் சொன்னா. பாட்டுதான் தப்பு. நான்தான் தப்பாச் சொல்லிக்கொடுத்தேன்."

தாய் மான் தலையைத் திருப்பிக்கொண்டது. அது மன்னித்ததா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மகளின் கொடியை விடாமல் பிடித்திருந்தது.

"அப்ப நான் எப்படிப் போறது?" என்று கேட்டாள் மரிக்கொழுந்து.

"எனக்குத் தெரியல" என்றாள் செங்காலம்மா. அந்தப் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு பதில் அதுவரை வந்ததே இல்லை. குட்டிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் யோசிக்க ஆரம்பித்தார்கள். யோசிப்பது யார் வேலை என்று அதுவரை அவர்களுக்குத் தெரியாது.

"கீழ நாணலைப் படுக்கப் போட்டா?" என்றான் ஓடப்பன். "சாஞ்ச நாணல் மேல ஏறிப் போறப்ப எனக்கு அமுங்கவே இல்ல."

வெடுக்கி கடித்துக் கடித்து நாணலை வீழ்த்தினாள். கும்பன் அதை மூக்கால் தள்ளிக்கொண்டு போய்ப் புரண்டு அமுக்கினான். இரண்டு தடவை பாதி வழியில் கால் இறங்கியது. இரண்டு தடவையும் தாய் மான் கொடியை இழுத்துக் கரை சேர்த்தது. நாணலை இன்னும் தடித்துப் போட்டார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் மரிக்கொழுந்து நாணல் மேல் ஒவ்வொரு காலாக வைத்துப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் தானாகத் திரும்பி வந்தாள். பெரியவர்கள் அன்று சாயங்காலமே ஆற்றுக்குக் கிளம்பினார்கள்.

பத்து நாள் கழித்துக் கழகத்திலிருந்து இன்னொரு ஓலை வந்தது. "புங்கங்குளப் பள்ளியில் பெரும் வெற்றி கண்ட வயிற்றால் புரளும் முறை, இனி எல்லாப் பள்ளிகளிலும் எல்லா மாணவர்களுக்கும் கட்டாயமாக்கப்படுகிறது." வௌவால் டீச்சர் தன் பிள்ளைகள் மரக்கிளையில் எப்படிப் புரள்வது என்று விளக்கம் கேட்டு ஓர் இலை எழுதிப் பொந்தில் போட்டிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை. செங்காலம்மா அந்த ஓலையை நாணலோடு சேர்த்துச் சேற்றில் போட்டு மிதித்தாள். மரிக்கொழுந்து நடக்க இன்னும் கொஞ்சம் கெட்டியாக இருந்தது.

ஆனியில் மழை விழுந்தது. தாய்மார் மூச்சிரைக்க ஓடிவந்து ஒவ்வொருவரும் தன் குட்டியைத் தேடினார்கள். தேடிய எல்லோருக்கும் கிடைத்தது.

மாணவனைக் கொண்டுபோய் நடுவில் உட்கார வைப்பதால் பாடம் அவனுடையதாகிவிடாது. அவன் காலைப் பார்த்து, அவனிடமே கேட்டு, அவனுக்கு ஏற்றபடி சொல்லிக்கொடுத்தால்தான் அது அவனைக் கரை சேர்க்கும்.